மின்னொளியும் அதன் விலையும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் நிலம் தாழத் தொடங்குகிறது. இருமருங்கும் குன்றுகள் நெருங்கி வர, சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. இதுவே தொப்பூர்க் கணவாய். வடக்கேயுள்ள மேட்டு நிலத்தையும் தெற்கேயுள்ள சேலத்துச் சமவெளியையும் இணைக்கும் இயற்கையின் வாயில் இது. இரவும் பகலும் லாரிகள் ஊர்ந்து இறங்கும் இவ்வழியில்தான் 1790ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மைசூர் வேந்தர் திப்பு சுல்தானின் படை இறங்கியது. மெடோஸ், மேக்ஸ்வெல் எனும் ஆங்கிலத் தளபதிகள் இருவரின் சேனைகளும் பாரமகாலில் ஒன்றுகூடிவிட்டதைக் கண்ட திப்பு, அவர்களைப் பின்னே விட்டுவிட்டு இக்கணவாயின் வழியே இறங்கி, காவிரிக் கரையைப் பற்றித் திருச்சிராப்பள்ளி நோக்கி விரைந்தார். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1792இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, பாரமகாலும் சேலமும் கும்பினியாரின் கைக்குப் போயின.

போர்க்கதை கூறுவது ஈண்டு நம் நோக்கமன்று. அதே திப்பு சுல்தான் காவிரியைப் படை நடத்தும் வழியாக மட்டும் பார்க்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது. மைசூருக்கு அருகே கிருஷ்ணராஜசாகர் அணை கட்டப்பட்ட இடத்தில் பார்சி மொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. 1794ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, காவிரியின் குறுக்கே ஓர் அணை எழுப்பத் திப்பு அடிக்கல் இட்ட செய்தியைக் கூறுகிறது. அந்த நீரைக் கொண்டு புதிதாக நிலம் திருத்துவோர்க்கு நாலில் ஒரு பங்கு வரியை இறைவனின் பெயரால் விட்டுக்கொடுப்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. அவர் எண்ணிய அணை எழவில்லை; கல் மட்டும் நிலைத்தது. ஆற்றின் ஆற்றலை ஆள்வோன் எடுத்துக்கொள்ளும்போது, அதன் பயனில் உழைப்போனுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற நினைவு அக்கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் மறத்தலாகாது.

தொப்பூரில் நின்று மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறு இவ்வட்டாரத்தைக் கடந்து மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது. ஆகவே தொப்பூர்க் குன்றுகளில் பெய்யும் மழைத்துளியும் மேட்டூரில் சுழலும் மின்பொறிகளுக்குத் தன் பங்கைச் செலுத்துகிறது. தொப்பூரிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் சென்றால், ஒரே ஊரில் ஆற்றுநீரால் மின்சாரம் எடுப்பதையும் கரியால் மின்சாரம் எடுப்பதையும் அருகருகே காணலாம். நெடுஞ்சாலையிலோ, காற்றாலையின் இறகுகளைச் சுமந்துவரும் மிக நீண்ட வண்டிகள் கணவாயின் வளைவுகளில் திரும்ப இயலாது திணறுவதைச் சில வேளைகளில் காண்கிறோம். நீர், நெருப்பு, காற்று ஆகிய மூன்றும் இங்கே நம் கண்முன் வருகின்றன.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் கருத்தமைந்த நபிமொழி ஒன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நீர் என்றால் கிணறு. நெருப்பு என்றால் அடுப்பு. இன்றோ நீரும் நெருப்பும் மின்சாரமாகி வீடுதோறும் வருகின்றன. பொருளில் பங்கு உண்டென்றால் அதற்காகும் விலையிலும் பங்கு இருக்கத்தானே வேண்டும்? ஒவ்வொரு வகை மின்சாரத்துக்கும் ஒரு நன்மை உண்டு. ஒரு தீமையும் உண்டு. நன்மை யாருக்குச் சென்றது, தீமை யார் தலையில் விழுந்தது என்னும் கேள்வியோடு நம் மாநிலத்து மின்சார வரலாற்றை நோக்குவோம்.

காவிரி சுழற்றிய சக்கரம்

தென்னாட்டில் பெரிய அளவில் மின்சாரம் பிறந்தது காவிரியில்தான். 1902ஆம் ஆண்டு மைசூர் அரசாங்கம் சிவசமுத்திர அருவியில் புனல் மின்நிலையத்தை இயக்கியது. அங்கே பிறந்த மின்சாரம் 92 மைல் தொலைவு கம்பிவழி சென்று கோலார் தங்கச் சுரங்கத்தின் பொறிகளை ஓட்டிற்று. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. முதலில் ஒளி பெற்றது மக்களின் வீடன்று, பொன் தோண்டும் சுரங்கமே என்பது கருதத்தக்கது. பெங்களூர் நகரத்துத் தெருக்களுக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது.

நம் மாகாணத்தில் நீலகிரியின் பைக்காரா 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மலையுச்சியில் தேக்கிய நீரைக் குழாய்களின் வழியே மூவாயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறக்கி, அந்த வேகத்தால் சுழலிகளை ஓட்டும் முறை அது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அம்மின்சாரமே உயிர்நாடி. அதன்பின் மேட்டூர் வந்தது. 1925இல் தொடங்கிய அணைப்பணி 1934இல் நிறைவுற்று, சென்னை ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டப்பட்டது. 120 அடி உயரத்துக்கு நீர் தேங்கினால் 93.47 டி.எம்.சி. கொள்ளும் பேரேரி அது. 1937இல் அணையின் அடியில் 40 மெகாவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1960களில் 200 மெகாவாட் சுரங்க மின்நிலையம் சேர்ந்தது. பின்னர் அணைக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கதவணைகள் எழுப்பி, ஒருமுறை உழைத்த நீரையே மீண்டும் மீண்டும் உழைக்க வைத்தனர். பாபநாசம், குந்தா, பெரியாறு என்று மலைகள்தோறும் நிலையங்கள் எழுந்தன. 1960களின் இறுதிவரை தமிழகத்து மின்சாரத்தில் பெரும்பங்கு நீரின் கொடையே.

புனல் மின்சாரத்தின் சிறப்புகள் பல. எரிபொருள் வாங்க வேண்டியதில்லை. புகையில்லை, சாம்பலில்லை. வேண்டும்போது மதகைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம், வேண்டாதபோது மூடிவிடலாம். மாலையில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்கேற்றும் வேளையில் இவ்வியல்பு விலைமதிப்பற்றது. ஒருமுறை கட்டிய நிலையம் தலைமுறை தலைமுறையாக உழைக்கும். பைக்காராவும் மேட்டூரும் அதற்குச் சாட்சி.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, மேட்டூர் அணை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதன்று. தஞ்சைத் தரணியின் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. உழவனுக்குத் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம். ஜூன் 12இல் மதகு திறக்கும் மரபு தவறிய ஆண்டுகளில் சுழலிகளும் ஓய்ந்து நிற்கும். வானம் பொய்த்தாலும், மேலே உள்ள மாநிலம் நீரை நிறுத்தினாலும் புனல் மின்சாரம் பொய்த்துவிடும். ஒகேனக்கல்லில் மின்நிலையம் அமைக்கும் எண்ணம் நெடுநாளாகப் பேசப்பட்டும், இரு மாநிலங்களுக்கிடையே உள்ள பிணக்கால் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது குறை அணைக்கு உள்ளே இருக்கிறது. மேட்டூரின் நீர்மட்டம் மிகவும் தாழும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் செல்வோர், நீருக்குள்ளிருந்து ஒரு நந்திச் சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டுவதைக் காண்பர். அணை எழுமுன் அங்கே ஊர்கள் இருந்தன. கோயில் கட்டியோரும் தேவாலயம் கட்டியோரும் ஒருங்கே வாழ்ந்த நிலம் அது. அவர்கள் எழுந்து சென்றார்கள். அவர்களின் வயல்கள் நீருள் சென்றன. தஞ்சையில் நெல் விளைந்ததும் ஊர்களில் விளக்கெரிந்ததும் அவர்களின் விலகலால் விளைந்தவை. வேடிக்கை பார்க்க வருவோர் சிலையையும் கோபுரத்தையும் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அங்கு வாழ்ந்தவரைப் பற்றி வினவுவோர் சிலரே.

கரியின் வலிமையும் சாம்பலும்

ஆறுகளில் அணை கட்டத்தக்க இடங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. பம்புசெட்டுகளும் ஆலைகளும் பெருகின. மழையை நம்பி ஒரு மாநிலம் தொழில் நடத்த இயலாது என்பது தெளிவாயிற்று. அப்போது கை கொடுத்தது நிலத்தடியிலிருந்த நெருப்பு.

தென்னார்க்காட்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. கிணறு தோண்டியபோது ஊற்றோடு கறுப்புப் பொருள் வந்ததைக் கண்டு ஆராயத் தூண்டிய ஜம்புலிங்க முதலியாரின் பெயரை நெய்வேலி இன்றும் போற்றுகிறது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல் மின்நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. அது ஏறத்தாழ 58 ஆண்டுகள் உழைத்து 2020இல் ஓய்வு பெற்றது. எண்ணூர், தூத்துக்குடி என்று கடலோர அனல் நிலையங்களும் தொடர்ந்தன. மேட்டூரில் 1987 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில் 210 மெகாவாட் அலகுகள் நான்கு அமைந்தன. 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. 1937இல் காவிரி தந்த 40 மெகாவாட்டோடு இந்த 1,440 மெகாவாட்டை ஒப்பிட்டால் நம் தேவை எவ்வளவு வளர்ந்தது என்பது விளங்கும்.

கரியின் பெருமை இதுதான்: மழையில்லாத ஆண்டிலும், காற்றில்லாத மாதத்திலும், கதிரவன் இல்லாத இரவிலும் அது எரியும். கரி குவிந்திருக்கும்வரை மின்சாரம் உறுதி. நிலையம் அமைக்கும் செலவும் அணு உலையோடு நோக்கக் குறைவு. நாட்டின் சுரங்கங்களில் கரி ஏராளமாக இருக்கிறது.

விலையையும் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி எரிகிறது. நம் வீட்டில் ஒரு மின்விசிறி ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் எங்கோ ஓரிடத்தில் ஒரு கூடைக் கரி சாம்பலாகிறது என்று கொள்ளலாம். இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பலே கிடைப்பது வழக்கம். அச்சாம்பலைச் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுத்த இயலும், பயன்படுத்தியும் வருகின்றனர். எனினும் எஞ்சியது காற்றிலும் குளத்திலும் சேர்கிறது. அனல் நிலையத்தை அடுத்து வாழும் உழவனின் கூரையிலும் வாழையிலையிலும் படிவது அதுவே. தமிழகத்துக்குள் கருநிலக்கரிச் சுரங்கம் கிடையாது; வெகுதொலைவிலிருந்து இரயிலிலும் கப்பலிலும் கொணர வேண்டும். எரிந்த கரியின் புகை வானில் திரண்டு உலகின் வெப்பத்தை உயர்த்துகிறது. பருவமழை முறைதவறிப் பெய்வதில் அதற்கும் பங்குண்டு என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். அதாவது, கரியின் தீமை சுற்றிவந்து காவிரியின் நீரையே தாக்கக்கூடும்.

சுரங்கமும் கொதிகலனும் மனித உயிரையும் கேட்கின்றன. நெய்வேலியில் 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நேர்ந்த இரு கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். நிலம் கொடுத்த ஊர்களின் குரலும் ஓயவில்லை. 2023 ஜூலையில் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மீதே மண்ணள்ளும் பொறிகள் இறங்கிய காட்சி, சோறுண்ணும் எவர் மனத்தையும் கலக்கியது. இயற்கை எரிவாயு கரியைவிடத் தூயது. இராமநாதபுரத்து வழுதூரிலும் காவிரிப் படுகையின் குத்தாலத்திலும் அதனால் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் கிடைக்கும் வாயுவின் அளவு சிறிது, தேவையோ பெரிது.

அணுவின் இரு முகங்கள்

கரிக்கு மாற்றாக அறிவியல் காட்டிய வழி அணு. கல்பாக்கத்தில் 1983ஆம் ஆண்டு ஜூலையில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. நம் நாட்டுப் பொறியாளர் தம் முயற்சியால் அமைத்த உலை என்ற பெருமை அதற்குண்டு. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த உடன்பாட்டின் பயனாகக் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் எழுந்தன. முதல் உலை 2013இலும் இரண்டாவது 2016இலும் இயக்கநிலை எய்தின.

அணுவின் சிறப்பு அதன் அடக்கத்தில் இருக்கிறது. சிறிதளவு எரிபொருள், மலைபோன்ற கரிக் குவியலின் வேலையைச் செய்துவிடும். புகைபோக்கி வழியே கரியமில வாயு வருவதில்லை. பருவம் பாராது இரவுபகலாக ஓடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மறுமுகமோ அச்சம் தருவது. 1986இல் செர்னோபில்லும் 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவும் உலகுக்குக் காட்டியவை மறக்கத்தக்கன அல்ல. விபத்து அரிதே, ஆனால் நேர்ந்தால் ஓர் ஊரன்று, ஒரு வட்டாரமே வெறிச்சோடும். விபத்தே இல்லாவிடினும், எரிந்து தீர்ந்த எரிபொருளின் கதிரியக்கம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். இன்று நாம் எரிக்கும் விளக்கின் கழிவை, இன்னும் பிறவாத தலைமுறைகள் காவல் காக்க வேண்டும். கட்டுமானச் செலவும் காலமும் மிகுதி. கூடங்குளத்தில் உடன்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது.

ஃபுகுஷிமாவுக்குப் பின் இடிந்தகரை மீனவ மக்கள் நடத்திய நீண்ட போராட்டத்தையும், ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் பதிவானதையும் நாடறியும். அவ்வேளையில், 2011 நவம்பரில், முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் கூடங்குளம் சென்று பார்வையிட்டு, உலை பாதுகாப்பானதே என்று தம் கருத்தை வெளியிட்டார். சுற்றுவட்டார மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் வேலைவாய்ப்பும் தரும் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். 2005ஆம் ஆண்டு விடுதலைநாள் முன்னிரவில் நாட்டுக்கு ஆற்றிய உரையிலேயே, 2030க்குள் ஆற்றல் துறையில் இந்தியா தற்சார்பு அடைய வேண்டும் என்று வலியுறுத்தி, கதிரவனையும் அணுவையும் ஒருங்கே முன்னிறுத்தியவர் அவர். இராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்த நம் அறிஞரின் சொல் ஒருபுறம். இடிந்தகரைக் கடற்கரையில் வலை உலர்த்தும் பெண்களின் அச்சம் மறுபுறம். இரண்டையும் மதித்துக் கேட்பதே நேர்மை. அறிஞரின் கணக்கு விபத்து நேரும் வாய்ப்பை அளக்கிறது. கரையில் வாழ்பவளோ, அது நேர்ந்தால் எங்கே போவது என்று கேட்கிறாள். முதற்கேள்விக்கு விடை தந்தால் இரண்டாவது கேள்வி தானே தீர்ந்துவிடாது.

சிஜிஸ்தான் காற்றும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

காற்றைப் பொறியில் பூட்டிய வரலாறு நம் இஸ்லாமிய நாகரிகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கலீஃபா உமர் (ரலி) அவர்களைக் கொன்ற பாரசீக அடிமை அபூலுஃலுஆ கைத்தொழில் வல்லவன். காற்றால் சுழலும் ஆலையை உன்னால் செய்ய இயலுமாமே என்று கலீஃபா அவனை வினவியதாக வரலாற்றாசிரியர் தபரீ ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அது நிகழ்ந்தது கி.பி. 644. பத்தாம் நூற்றாண்டில் மஸ்ஊதீ, காற்றும் மணலும் நிறைந்த சிஜிஸ்தான் நாட்டில் காற்றே ஆலைகளைச் சுழற்றிக் கிணற்று நீரை இறைத்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதை விவரித்தார். செங்குத்தான தண்டைச் சுற்றிப் பாய்கள் சுழலும் அவ்வகை ஆலைகளின் வழிவந்தவை ஈரானின் நஷ்தீஃபானில் இன்றும் நிற்கின்றன. ஐரோப்பாவில் காற்றாலை எழுந்ததற்குப் பல தலைமுறைகள் முந்திய செய்தி இது.

தமிழகத்தில் 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறிய காற்றாலைகள் பத்து நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரே காற்றாலை இரண்டு, மூன்று மெகாவாட் தருகிறது; மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. இதற்குக் காரணம் கணவாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குமலைத் தொடரில் மோதி, இடைவெளி கிடைத்த இடத்தில் நெருக்கிப் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வாயிலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது இதனால்தான். முப்பந்தல் பொட்டலில் மானாவாரி உழவன் சபித்த காற்று செல்வமாகியது.

காற்றுக்கு எரிபொருட்செலவு இல்லை. புகையில்லை, தண்ணீரும் வேண்டியதில்லை. இரண்டு காற்றாலைகளுக்கு இடையே உழவும் மேய்ச்சலும் நடைபெறலாம். ஆனால் காற்று நம் ஏவலாளன் அன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஐப்பசியில் அதே காற்று ஓய்ந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை வெள்ளமாக வரும் மின்சாரம் அதன்பின் ஓடையாகச் சுருங்குகிறது. மிகுந்து வரும் நாள்களில் கொண்டுசெல்லப் போதிய கம்பித்தடம் இல்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைத்த காலமும் உண்டு.

இதன் விளைவை 2012இல் நாம் அனுபவித்தோம். காற்றுப் பருவம் முடிந்த மாதங்களில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது. தறிகள் நின்றன; மாணவர் மெழுகுவத்தியில் படித்தனர்; நட்ட நெல் நீருக்கு ஏங்கியது. தலைநகருக்கோ அறிவிக்கப்பட்ட வெட்டு இரண்டு மணி நேரம். பற்றாக்குறை எல்லார்க்கும் ஒன்று; அதன் சுமை மட்டும் ஒன்றாக இல்லை. மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழி நினைவுக்கு வரவேண்டிய வேளை அதுவே.

கதிரவன் தரும் நண்பகல்

மீதமிருப்பது கதிரவன். 2016இல் இராமநாதபுர மாவட்டம் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அந்நாளில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் பெரிய நிலையங்களுள் அது ஒன்றாக எண்ணப்பட்டது. அதன்பின் தகடுகளின் விலை சரியச் சரிய, ஊர்தோறும் இம்முறை பரவிற்று. இது ஒன்றே ஏழையின் கூரையிலும் அமையத்தக்க மின்நிலையம். அணையையும் உலையையும் அரசோ பெருஞ்செல்வரோதான் கட்ட முடியும். நான்கு தகடுகளை ஒரு பள்ளிக்கூடமே வாங்கிவிடலாம்.

குறை எதுவெனில், கதிரவன் தன் கொடையை நண்பகலில் அள்ளித் தந்துவிட்டு, நாம் விளக்கேற்றும் மஃரிப் வேளையில் விடைபெற்றுச் சென்றுவிடுகிறான். 2024 மே 2ஆம் நாள் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. இத்தகைய கோடையின் புழுக்கம் இரவிலும் தணிவதில்லை. இரவுக்கு வேறு துணை தேவை. பெரிய நிலையங்கள் பரந்த நிலத்தையும் கேட்கின்றன. அந்நிலம் ஆடுமாடு மேய்த்தவருக்கும் விறகு பொறுக்கியவருக்கும் உரியதாக இருந்திருக்கலாம். காலம் முடிந்த தகடுகளை என்செய்வது என்ற கேள்விக்கும் நாம் இனிமேல்தான் விடை காண வேண்டும்.

சேமிப்புக்குப் பழைய புனலே மீண்டும் கை கொடுக்கிறது. ஆனைமலையின் காடம்பாறையில் 1980களின் இறுதியில் அமைந்த 400 மெகாவாட் நிலையம், மின்சாரம் மிகுந்திருக்கும்போது கீழேயுள்ள நீரை மேலேற்றி, குறையும்போது அதை இறக்கி மின்சாரம் எடுக்கிறது. நான்கு பங்கு செலவிட்டால் ஏறத்தாழ மூன்று பங்கு திரும்பும். நண்பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைக்க மலை நீரே பெட்டகமாகிறது. முதலில் வந்த நீரும் கடைசியில் வந்த கதிரவனும் இவ்வாறு கை கோத்தாலன்றி நமக்கு விடிவில்லை.

துலாக்கோல்

எது சிறந்தது என்று கேட்போருக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற வரலாறு இடம் தரவில்லை. நீரை மட்டும் நம்பியபோது வறட்சி நம்மை வீழ்த்தியது. கரியை நம்பினோம்; சாம்பலும் புகையும் சூழ்ந்தன. காற்றை நம்பி இருந்த ஆண்டில் ஐப்பசி இருட்டாயிற்று. ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் ஈடுசெய்வதே அறிவுடைமை. கரியைப் படிப்படியாகக் குறைப்பதும், காற்றையும் கதிரவனையும் வளர்ப்பதும், அவற்றைச் சேமிக்க வழி காண்பதும் இன்றைய கடமை எனலாம். வானத்தை உயர்த்தித் துலாக்கோலை நிறுத்தியதாகவும், அந்நிறுவையில் வரம்பு மீறலாகாது என்றும் அருள்மறை அர்ரஹ்மான் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. மின்சாரத்தின் கணக்கிலும் அத்துலாக்கோல் வேண்டும். ஒரு தட்டில் யூனிட்டும் ரூபாயும் இருந்தால், மறுதட்டில் மேட்டூரில் மூழ்கிய வயல், வளையமாதேவியின் நெற்பயிர், இடிந்தகரையின் அச்சம் ஆகியவையும் இருக்க வேண்டும். அவை வைக்கப்படாத கணக்கு, எவ்வளவு மலிவாகத் தோன்றினும், குறைந்த நிறுவையே. அளவில் மோசம் செய்வோரை அருள்மறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நம்மாலும் ஆவன உண்டு. ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கும் மார்க்கத்தினர் நாம். ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியும், பகலில் எரியும் விளக்கும் அப்படிப்பினைக்கு மாறானவை அல்லவா? பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பகலில் வெயில் காயும் அகன்ற மாடிகளைக் கொண்டவை. ஜமாஅத்துகள் முன்வந்து அங்கே சூரியத் தகடுகளை அமைத்தால், ளுஹரின் வெயிலே ஒளூவுக்கான நீரை இறைத்துத் தரும். ஒரு காலத்தில் வக்ஃபாகக் கிணறும் சத்திரமும் அமைத்தோர் நம் முன்னோர். இன்று மின்சாரத்தையும் வக்ஃபாக்கலாம்.

தருமபுரி மாவட்டத்து மக்கள் ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்து, பல்லும் எலும்பும் பாதிப்புற்றுப் பல தலைமுறை அல்லலுற்றனர். அவர்களின் எல்லையைத் தொட்டு ஓடிய காவிரி, மேட்டூரில் மின்சாரமாகிப் பிற ஊர்களுக்குச் சென்றது. 2013இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவெய்தி, அந்நீர் மேட்டு நிலத்துக்கு ஏறிவந்தது. அதை ஏற்றிக் கொணர்வது மின்சாரமே. காவிரி கொடுத்ததில் ஒரு சிறு பங்கு அதன் கரையோர மக்களின் குடத்துக்குத் திரும்பியது. காலந்தாழ்ந்த நீதிதான், ஆயினும் நீதியே. நிலத்தையும் நீரையும் கொடுத்தோர்க்கு அவற்றின் பயன் முதலில் சென்று சேரட்டும். நம் விளக்கின் விலையை நாமே அறிந்து, நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!